அழிக்கும் முன் பெயர் படிக்கவும்

வலியுல்லா இறந்த செய்தியைச் சர்வர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவரை அடக்கம் செய்த மறுநாள் விடிந்ததும், வழக்கம்போல அலுவலகக் குழுவில் அவர் பெயரில் செய்தி வந்தது. "வடக்கு நலம். தெற்கு நலம். குளம் நலம். – வலியுல்லா." எங்கள் உரிமையாளர் கல்யாணராமன் பழக்கதோஷத்தில் "நன்றி" என்று பதில் போட்டார். பிறகு அதை நீக்கினார். நீக்கியது மரியாதைக் குறைவோ என்று தோன்றியிருக்க வேண்டும், மறுபடி போட்டார்.

அந்தச் செய்தியை அனுப்புவது, எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த வலியுல்லா எழுதிவைத்த ஒரு சின்ன நிரல். அது அவருடைய கணக்கில் ஓடுகிறது. தினமும் காலையில் மூன்று கணினிகளையும் விசாரித்துவிட்டு, கிடைத்த பதிலை எங்களுக்குச் சொல்லும். அவர் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. மூன்றும் நலமாக இருக்கின்றன.

அவருடைய இடத்துக்கு வந்திருப்பவர் பெயர் ஹம்மாத். நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, இறந்தவருடைய கணக்கைக் கணினியில் வைத்திருக்கக்கூடாது, தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள், அதை நீக்கியாக வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் எங்கள் அலுவலகத்தில் எதையும் நீக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறையை வைத்ததும் வலியுல்லாதான்.

மயிலாப்பூரில் கச்சேரி சாலைக்குப் பின்னால் இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் நான் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். சாந்தோம், அடையாறு, கொட்டிவாக்கம், ஆதம்பாக்கம் என்று எங்களுக்குக் கிளைகள் உண்டு. கிளைகளில் ரத்தம் எடுப்பார்கள். பைகளில் போட்டு மோட்டார் சைக்கிளில் மயிலாப்பூருக்கு அனுப்புவார்கள். இங்கே பரிசோதிப்போம். யாருடைய ரத்தம், என்ன எண், என்ன முடிவு என்பதெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். அது நின்றால் எல்லாம் நிற்கும். அதனால் அது நிற்கக்கூடாது என்று ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்கிறோம். இரண்டு கணினிகளுக்கும் கபாலி கோயில் மாடவீதிகளின் பெயரைக் கல்யாணராமன் வைத்தார். வடக்கு, தெற்கு. மூன்றாவதாக ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதன் பெயர் குளம்.

என் இருக்கை சர்வர் அறைக்கு அடுத்தது. அதனால்தான் வலியுல்லா எனக்குப் பழக்கமானார். முதல் வாரமே, இது எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"பஸ்ஸுன்னு வெச்சிக்குங்க மேடம். ஒரு டிரைவர் ஓட்றாரு. பக்கத்துல இன்னொருத்தர் உக்காந்து, அவர் கை எங்க போகுதோ அதையே பண்ணிக்கினு வர்றாரு. மொத ஆளு மயக்கம் போட்டா இவர் பிடிச்சிக்குவாரு. பஸ்ஸு நிக்காது."

"குளம்?"

"அது கண்டக்டர். யார் மயக்கம் போட்டதுன்னு அதுதான் சொல்லணும். ரெண்டு டிரைவரும் நான்தான் நான்தான்னு சொன்னா பஸ்ஸு அடையாறுக்கும் போவும், ஆதம்பாக்கத்துக்கும் போவும்."

அப்படி ஆனால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, "ஒருத்தர் நெனப்பை மொத்தமா அழிச்சிட்டு, இன்னொருத்தரைப் பாத்து முதல்லேருந்து எழுதிக்கன்னு சொல்லணும்" என்றார். "அது ஒரே வரிதான் மேடம். எந்த டிரைவர்ன்றதுலதான் விஷயமே."

அந்த ஒரு வரியை அவர் கறுப்புத் திரையில் கையால் தட்டித்தான் கொடுப்பார். சுட்டியால் அழுத்தும் பொத்தான்களை நம்பமாட்டார். "அதுல ஓகேன்னு மட்டும் போட்டிருக்கும். எதுக்கு ஓகேன்னு போட்டிருக்காது." கட்டளையைத் தட்டி முடித்ததும் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். பிறகு என்னைக் கூப்பிடுவார். நான் போய், திரையில் இருக்கும் கணினியின் பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்வார். அதற்குப் பிறகுதான் கை வெளியே வரும்.

"அழிக்கிற கை ஒருத்தர்கிட்ட இருக்கணும், படிக்கிற வாய் இன்னொருத்தர்கிட்ட இருக்கணும். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்தா, கை நெனச்சதைத்தான் வாய் படிக்கும்" என்பார்.

இன்னொரு விதியும் உண்டு. எந்தப் பக்கத்தை அழிக்கப்போகிறோமோ, அந்தப் பக்கத்தில் மட்டும் இருப்பது என்ன என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இருக்காது என்று தெரிந்தே பார்ப்பார்.

அவர் வீடு ஆதம்பாக்கத்தில். மனைவி அஸ்மத்துன்னிசா, மகள் ஃபிசா. மூக்குக்கண்ணாடி இரண்டு வைத்திருந்தார். ஸ்கூட்டர் சாவியும் அலுவலகச் சாவியும் இரண்டிரண்டு. இரண்டாவது ஜோடி எப்போதும் அஸ்மத்துன்னிசாவின் கைப்பையில் இருக்கும். ஜூன் மாதம் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேச்சுக்கு நடுவில் அந்த அம்மாள் பையைத் திறந்து அலுவலகச் சாவியை என்னிடம் கொடுத்தார். "இது ரெண்டாவது. மொத சாவி எங்க வெச்சாருன்னு தெரியல" என்றார். வலியுல்லா தூக்கத்திலேயே போய்விட்டார். முதல் சாவி இன்னும் கிடைக்கவில்லை.

ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆயுத பூஜையன்று உழைக்கும் பொருளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதில் கல்யாணராமன் உறுதியானவர். நுண்ணோக்கி, மையவிலக்கி, அவருடைய கார், ரத்தப் பை கொண்டுவரும் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. சர்வருக்கு மட்டும் ஏன் கிடையாது என்பது அவர் கேள்வி. வலியுல்லா வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இருவருக்கும் நடந்த பேச்சை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வருஷம் முச்சூடும் ஓடிண்டிருக்கு. ஒரு நாழி அதை நிறுத்தி, ஒரு பொட்டு வெச்சா குடியா முழுகிடும்?"

"அது நிக்காம இருக்கணும்னுதானே சார் ரெண்டு வாங்கினீங்க?"

"ரெண்டு இருக்கோல்லியோ? அப்போ ஒண்ணு ஓடட்டும், ஒண்ணு படுத்துக்கட்டும்."

வலியுல்லா யோசித்தார். அதில் தவறு ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், வேலையைத் தெற்கின் கையில் கொடுத்துவிட்டு வடக்கைத் தூங்கவைப்பார். பூஜை முடிந்ததும் வடக்கைப் பழைய நினைப்பெல்லாம் அழித்து எழுப்பி, தெற்கைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்வார். மாலையில் தெற்கின் முறை. வடக்கு தூங்கும்போது குளம் பதறிப்போய் எல்லோருக்கும் அபாயச் செய்தி அனுப்பும் என்பதால், அன்று ஒரு நாள் அதை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லிவிடுவார். உலகத்தில் வேறு எங்கும் இப்படிச் செய்கிறார்களா என்று தெரியவில்லை. எங்களுக்கு வருடா வருடம் நன்றாகத்தான் நடந்தது.

சென்ற முறை ஆயுத பூஜை வெள்ளிக்கிழமையில் வந்தது. ராகுகாலம் கழிந்துதான் பூஜை என்று கல்யாணராமன் சொல்லிவிட்டார். அது ஜும்ஆ தொழுகை நேரம். வலியுல்லா வடக்கைத் தூங்கவைத்தார், குளத்தின் வாயை மூடினார், எங்கள் நிர்வாக மேலாளர் நல்லசிவத்தைக் கூப்பிட்டார்.

"நல்லசிவம்ணே, நான் தொழுதுட்டு வந்துர்றேன். நீங்க பூஜை பண்ணிக்குங்க. பெட்டியை மட்டும் ஆன் பண்ணிடாதீங்க. நான் வந்து எழுப்பணும்."

"நான் எதுக்கு பாய் அதைத் தொடப்போறேன்?" என்றார் நல்லசிவம்.

அவர் சொன்னபடியே ஆன் செய்யவில்லை. பொட்டுதான் வைத்தார். வடக்கின் முகம் முழுக்கக் கம்பிவலை. சந்தனம் வைத்தால் உள்ளே வழியும். தேடிப் பார்த்ததில், வலப்பக்கம் மேலே, வழவழப்பாக, வட்டமாக ஒரே ஒரு இடம் இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல. சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமத்தைக் கட்டைவிரலால் அழுத்தி வைத்தார். அது மின்பொத்தான்.

விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன. பூஜை மணி அடித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

தூக்கத்திலிருந்து எழுந்த வடக்குக்கு, தான் இப்போது தலைவன் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் பள்ளிவாசலில் இருந்தார். தடுக்க வேண்டிய குளம் வாய் மூடியிருந்தது. எனவே வடக்கு தன்னைத் தலைவன் என்று நினைத்தது. தெற்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. கிளைகளில் இருக்கும் கணினிகள் முதலில் வடக்கைத் தேடும், இல்லையென்றால்தான் தெற்கு. அடையாறு ஏற்கெனவே தெற்கோடு பேசிக்கொண்டிருந்ததால் அங்கேயே இருந்தது. சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் கடையைத் திறந்த சாந்தோம், வடக்கைப் பார்த்ததும் அதோடு ஒட்டிக்கொண்டது.

இதை முதலில் கண்டுபிடித்தவள் ருக்சார். பரிசோதனை மேசையில் இருப்பவள். கையில் இரண்டு ரத்தக் குழாய்களோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், இது ரெண்டும் ஒரே ஆளா?"

பார்த்தேன். இரண்டிலும் ஒரே எண். குழாயில் எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும். பெயர் இருந்தால் நோயாளியின் அந்தரங்கம் வெளியே போகும் என்று ஒரு தணிக்கைக் குழு முன்பு சொல்லிவிட்டுப் போயிருந்தது.

"எந்தப் பையிலேருந்து எடுத்த?"

"ரெண்டு பையும் ஒண்ணா வந்துச்சு மேடம். எல்லாத்தையும் ஸ்டாண்டுல அடுக்கிட்டேன்."

"ரிசல்ட்?"

"ஒண்ணுல பிளேட்லெட் ரெண்டரை லட்சம். இன்னொண்ணுல பதினெட்டாயிரம்."

அது டெங்கு காலம். பதினெட்டாயிரம் என்றால், அந்த ஆள் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கணினியில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ஹரி, அடையாறு, காப்பீட்டுக்காக முழு உடல் பரிசோதனை என்று வந்தது. ஒரே ஒரு ஹரிதான். இரண்டு ரத்தம்.

வலியுல்லா பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தார். நான் சொன்னதும் தொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே சர்வர் அறைக்குப் போனார். வடக்கின் வலப்பக்கம் இருந்த பொட்டைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதைக் கிளைகளோடு இணைக்கும் கம்பியைப் பிடுங்கினார், யாரும் மேற்கொண்டு எழுதாமல் இருக்க. கறுப்புத் திரையைத் திறந்தார்.

"ரெண்டும் ஒரே நம்பர்லேருந்து எண்ண ஆரம்பிச்சிருக்கு மேடம். அடையாறுக்கு தெற்கு குடுத்த நம்பரையே சாந்தோமுக்கு வடக்கு குடுத்திருக்கு."

அந்த எண் வடக்கில் யாருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்று எடுத்தார். மணிமொழி. நாற்பத்தாறு வயது. நொச்சிக்குப்பம், மீன் அங்காடி. ஐந்து நாளாகக் காய்ச்சல். அந்தப் பெண் அந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தாள்.

கல்யாணராமன் நெற்றியில் புதிய குங்குமத்தோடு வந்து வாசலில் நின்றார். சாந்தோம் முடிவுகள் முடங்கிக் கிடக்கின்றன, டாக்டர்கள் போன் செய்கிறார்கள் என்றார்.

"இதைச் சரி பண்ண எவ்ளோ நாழி ஆகும்?"

"வடக்கை அழிச்சிட்டு ஏத்தினா, ஒரு காபி குடிக்கிற நேரம் சார்."

"அப்போ பண்ணுங்கோளேன். ஏன் உக்காந்துண்டிருக்கேள்?"

"பண்ணினா ஒரு அம்மா இல்லாம போயிடுவாங்க சார்."

கல்யாணராமன் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். வடக்கை அழித்தால் மணிமொழி என்று ஒருத்தி இங்கே ரத்தம் கொடுத்ததே இருக்காது. இரண்டு குழாய்களும் ஹரியுடையவை ஆகிவிடும். எது யாருடையது என்று இப்போதே சொல்ல முடியவில்லை. அழித்த பிறகு கேட்கவே முடியாது.

"ஜுரம் இருக்கறவாளுக்குத்தானே குறைச்சலா இருக்கும்? இதுக்கு என்ன ஆராய்ச்சி?" என்றார் கல்யாணராமன்.

"இருக்கலாம் சார். அது டாக்டர் சொல்லணும். நாம பேரை மட்டும்தான் சொல்லணும். ரெண்டு பேர்கிட்டயும் திரும்ப எடுத்துடலாம்" என்றார் வலியுல்லா.

ஹரிக்குப் போன் போட்டேன். ஏதோ கொலுவில் இருந்தார் போலிருக்கிறது, பின்னால் பாட்டு கேட்டது. நாளைக்கு வருகிறேன் என்றார். இன்றைக்கே வரவேண்டும் என்றதும், உங்கள் சேவை சரியில்லை என்றார். பிறகு வந்தார். மணிமொழியின் எண் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டேன். அணைந்தே இருந்தது.

"அட்ரஸ் இருக்கே மேடம். போலாமா?" என்றார் வலியுல்லா.

"அவர் எங்கே போறார்? இங்கே யார் பார்க்கறது?" என்றார் கல்யாணராமன்.

"தெற்கு பாத்துக்கும் சார். அதுக்குத்தானே ரெண்டு."

ஆட்டோவில் லூப் ரோடு மீன் அங்காடிக்குப் போனோம். பண்டிகை நாள் ஆனாலும் கூட்டம் இருந்தது. மணிமொழியை எங்கே தேடுவது என்று நான் யோசிப்பதற்குள் வலியுல்லா, வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டார். முன்னால் கூடையில் சங்கரா மீன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கை மட்டும் நிற்காமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

"நீங்கதான் மணிமொழியாம்மா?"

"ஆமா. இன்னா வோணும்?"

"சாந்தோம்ல ரத்தம் குடுத்தீங்கல்ல. அங்கேருந்து வர்றோம். இன்னொரு தடவை எடுக்கணும்."

"ஏன், குடுத்தது பத்தலியா?"

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். "பாய், நீ மீன் வாங்க வந்தியா, ரத்தம் வாங்க வந்தியா? அவளே சோறு துன்னாம கீறா."

"கம்ப்யூட்டர்ல ஒரு கொழப்பம் ஆயிடுச்சும்மா. உங்க நம்பரையே இன்னொருத்தருக்கும் குடுத்துட்டோம்."

"அப்ப அந்த ஆளாண்ட போய் எடு."

"அவரையும் கூப்ட்டிருக்கோம்."

"சரி, நாளிக்கி வரேன். இன்னிக்கி இந்தக் கூடையை வித்தாவணும். இதை வுட்டுட்டு எய்ந்து போவ முடியுமா, நைனா? நாத்தனார் வர்றதுக்கு இருட்டிடும்."

நான் பதினெட்டாயிரத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அது அவளுடையதா என்று தெரியாதே. வலியுல்லா கூடையைப் பார்த்தார், மணிமொழியைப் பார்த்தார்.

"நீங்க மேடம்கூட போங்கம்மா. நாத்தனார் வர்ற வரைக்கும் நான் உக்காந்துக்கறேன்."

"நீயா?"

"எப்டி விக்கிறீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க. அதே மாதிரி பண்றேன்."

மணிமொழி என்னைப் பார்த்து, "இன்னாம்மா, இந்தாளு நல்லாத்தான் கீறாரா?" என்று கேட்டாள். நல்லாத்தான் இருக்கிறார் என்றேன். அப்போது ஒரு வாடிக்கைக்காரர் வந்து நிற்கவே, அவள் எடைபோட்டு, பேரம் பேசி, செதிள் நீக்கிக் கொடுத்தாள். வலியுல்லா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆளுக்கு அவர் கொடுத்தார். மணிமொழி தலையாட்டிவிட்டு எழுந்தாள். எழுந்தவளால் நிற்க முடியவில்லை. தோளில் தாங்கித்தான் ஆட்டோவில் ஏற்றினேன். திரும்பிப் பார்த்தபோது, பக்கத்துக் கடைக்காரி வலியுல்லாவின் கால்சட்டை நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சாக்கை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் மணிமொழி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தாளு இன்னா வேலை செய்றாரு?"

"கம்ப்யூட்டர் நிக்காம பாத்துக்கறார்."

"அதான்" என்றாள். எதற்கு அதான் என்று விளங்கவில்லை.

ருக்சார் அவளிடம் ரத்தம் எடுத்து, குழாயில் தன் கையாலேயே பெயரை எழுதினாள். தணிக்கைக் குழுவைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. ஹரியும் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். அவருக்கு இரண்டரை லட்சம். மணிமொழிக்குப் பதினேழாயிரம். வரும் வழியிலேயே இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. கல்யாணராமன் தன் காரைக் கொடுத்தார். பானெட்டில் மாலை அப்படியே இருக்க, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, நல்லசிவம் அதில் அவளை ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அன்று கார் எடுக்கக்கூடாது என்பதைக் கல்யாணராமன் நினைவில் வைத்திருந்தாரா என்று தெரியவில்லை.

நாத்தனார் வந்த பிறகு வலியுல்லா திரும்பி வந்தார். மயிலாப்பூரில் வெங்காயம்கூட வாசலில் யோசித்துவிட்டு நுழையும் அலுவலகம் எங்களுடையது. அவர் சட்டையிலிருந்து வந்த சங்கரா வாடை வரவேற்பறை ஊதுவத்தியைத் தாண்டி வந்தது. கல்யாணராமன் மூக்கைத் தொட்டார். பிறகு கையைக் கீழே இறக்கிக்கொண்டு, "அந்தம்மாவை அட்மிட் பண்ணிட்டா" என்று மட்டும் சொன்னார்.

வலியுல்லா கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். வடக்கில் மட்டும் இருந்த ஒவ்வொருவரையும் ஒவ்வொருவராக எடுத்து, புதிய எண் கொடுத்து, தெற்கில் சேர்த்தார். அவர்கள் எல்லோருக்கும் நான் போன் செய்து பெயரை உறுதி செய்தேன். மணிமொழிக்குப் புதிய எண் கொடுக்கும்போது மட்டும், "இவங்க வேணாம் மேடம், நான் பாத்துட்டேன்" என்றார். எல்லாம் முடிந்தது. அந்த ஒரு வரியைத் தட்டினார். கைகள் தொடைக்கு அடியில் போயின.

"பேர் சொல்லுங்க மேடம்."

"வடக்கு."

"வடக்கு" என்றார். கை வெளியே வந்தது. வடக்கு எல்லாவற்றையும் மறந்து, தெற்கைப் பார்த்து முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நல்லசிவம் சர்வர் அறை வாசலிலேயே நின்றார். "நான் பொட்டுதான் வெச்சேன் பாய்."

"தெரியும்ணே. நெத்தி மாதிரிதான் கீது அது. நானா இருந்தாலும் அங்கதான் வெச்சிருப்பேன்."

"அடுத்த வருஷம் பூஜையே வேணாம் பாய் இதுக்கு."

"அதெல்லாம் எதுக்கு? எடம்தான் தப்பு."

அடுத்த நாள் வலியுல்லா ஒரு ஜாம் புட்டியின் மூடியைக் கொண்டுவந்து, மின்பொத்தான் உள்ளே அடங்கும்படி அதன்மேல் ஒட்டினார். பொத்தானைவிட அது பெரியதாக, பொட்டு வைக்க வசதியாக இருந்தது. தெற்குக்கும் ஒன்று ஒட்டினார். நல்லசிவத்தைக் கூப்பிட்டு, சந்தனம் நிற்கிறதா என்று வைத்துப் பார்க்கச் சொன்னார். நின்றது.

ஹரி எங்களுக்கு இணையத்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்து, இரண்டு முறை குத்தினார்கள் என்று எழுதினார். அது உண்மைதான்.

மணிமொழி பிழைத்தாள். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள், வாழையிலையில் சுற்றிய வஞ்சிரத்தோடு எங்கள் வரவேற்பறையில் வந்து நின்றாள். வலியுல்லா ஓடிப்போய் அதை வாசலிலேயே வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து மாதம் ஒரு முறை வருவாள். கேட்டுக்கு வெளியே நின்றுதான் கொடுக்கல் வாங்கல். அவர் ஃபிசா படிப்பதைப் பற்றிச் சொல்வார். அவள் காற்று எந்தப் பக்கம், படகு போனதா என்று சொல்வாள். கல்யாணராமன் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஜூலையில் வந்தாள். நான் கேட்டுக்குப் போனேன்.

"பாய் இல்லியா?"

சொன்னேன். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு பைக் போக வழிவிட்டாள்.

"அன்னிக்கி அந்தச் சங்கராவ ரொம்ப மலிவா வித்துட்டுப் போய்ட்டான்மா. பக்கத்துக் கடைக்காரிதான் சொன்னா. கேக்கறவனுக்கெல்லாம் சரி சரின்னு குடுத்திருக்கான். ஒரு நாள் கேட்டே ஆவணும்னு இருந்தேன்."

"கேக்கலியா?"

"எப்ப பாத்தாலும் சிரிச்சிக்கினே வந்து நின்னா எங்க கேக்கறது?"

பொட்டலத்தை என்னிடம் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்து, நான் மீன் சாப்பிடுவதில்லை என்று சொல்லத் தோன்றவில்லை. ருக்சாரிடம் கொடுத்து, ஆதம்பாக்கத்தில் அஸ்மத்துன்னிசாவுக்கு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை ஹம்மாத் கணக்கை நீக்கும் கட்டளையைத் தட்டிவிட்டு, எங்கள் வழக்கம் தெரிந்தவராக, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். திரையில் அந்தப் பெயர் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"அதுல மட்டும் இருக்கிறது என்னன்னு பாத்தாச்சா?" என்றுதான் கேட்க வந்தது.

"பாத்துட்டேன் மேடம். காலையில மெசேஜ் அனுப்புற அந்த நிரல் மட்டும்தான். அதை என் கணக்குக்கு மாத்திடலாம். வேற ஒண்ணும் இல்ல."

"இருக்கும். எடுத்துட்டு நீக்கலாம். திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

ஹம்மாத் என்ன என்று கேட்கவில்லை. கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகப் பின்னோக்கி அழித்துவிட்டு எழுந்தார்.

எனக்குத் தெரிந்தவரை, அந்தப் பக்கத்தில் மட்டும் இருந்தது, இங்கே நான் எழுதிவைத்த இவ்வளவுதான். விட்டுப்போனது இருந்தால் அஸ்மத்துன்னிசாவிடமும் ஃபிசாவிடமும் இருக்கும். கொஞ்சம் லூப் ரோட்டிலும் இருக்கும். நாளை திங்கட்கிழமை. பெயரை நான் படிப்பேன். ஹம்மாத் திருப்பிச் சொல்வார்.